மருந்தும் சுவரும்

மனநோய் மருத்துவத்தின் வரலாறு என்றால் மருந்துகளின், மருத்துவர்களின் கதையைத்தான் பேசுகிறோம். சுவர்களை விட்டுவிடுகிறோம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 1950களில் நடந்ததைச் சுவர்களின் பக்கமிருந்து வாசிக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

வேபர்ன் மனநோய் மருத்துவமனை 1921இல் திறக்கப்பட்டது. முடிவற்ற தாழ்வாரங்கள், பளபளக்கும் ஓடு பதித்த சுவர்கள், நெரிசல். 1951இல் அங்கு வந்த ஹம்ப்ரி ஆஸ்மண்ட், மெஸ்கலினையும் எல்எஸ்டியையும் ஆராய்ந்தவர். ‘சைக்கெடெலிக்’ என்ற சொல்லே அவர் உண்டாக்கியது. மனிதர்களை ஒருவரையொருவர் நோக்கி இழுக்கும் இடம், சிதறடிக்கும் இடம் என்று இரண்டாகப் பிரித்தார். ரயில் நிலையமும் மனநோய் மருத்துவமனையும் அவர் கணக்கில் ஒரே வகை!

கட்டிடக் கலைஞர் கியோஷி இசுமி இன்னும் ஒரு படி மேலே போனார். எல்எஸ்டி உட்கொண்டு மருத்துவமனைக்குள் நடந்து பார்த்தார். தாழ்வாரம் நீண்டுகொண்டே போயிற்று. ஓடுகள் மிரட்டின. அலமாரியின் இருட்டு விழுங்க வந்தது. 1960களில் யார்க்டனில் அவர் வடிவமைத்த மையத்தில் நீண்ட தாழ்வாரங்கள் இல்லை. தனியறைகளும் சிறு கூடங்களும் வந்தன.

பெரிய சாதனைதான். ஆனால் இதே பயத்தை நோயாளி சொன்னால் அது நோயின் அறிகுறி. கலைஞர் சொன்னால் அறிவு. யாருடைய உடல் சாட்சியாக ஏற்கப்படுகிறது என்பது அதிகாரம் பற்றிய கேள்வி அல்லாமல் வேறென்ன?

இன்னொரு சாட்சியும் உண்டு. 1956இல் நார்த் பேட்டில்ஃபோர்டு அருகே நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்சைச் சேர்ந்த பூர்வகுடி மக்களின் பெயோட்டி சடங்கில் ஆஸ்மண்டும் சகாக்களும் கலந்துகொண்டார்கள். வட்டமான கூடாரம், நடுவில் நெருப்பு, விடியும்வரை பறையும் பாட்டும், சுற்றிலும் சொந்த ஜனம். பெயோட்டியைத் தடை செய்யலாமா என்று அரசு யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவர்கள் தேடிய ‘இழுக்கும் இடம்’ அங்கே ஏற்கனவே இருந்தது. அதைக் கட்டியவர்களுக்குப் பட்டமும் இல்லை, வரைபடமும் இல்லை.

ஓரிகான் மாநிலம் 2020இல் வாக்களித்து சைலோசைபின் அமர்வுகளுக்கு வழிவிட்டது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் மனநல மருத்துவர்களுக்கு அனுமதி தந்தது. மெத்தை, செடி, இசை, தோட்டம் பார்த்த ஜன்னல் என்று சிகிச்சை அறைகள் தயாராகின்றன. நல்லதுதான். இயற்கை என்பது ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி மட்டும்தானா? கூடாரத்தில் குணமாக்கியதில் விடிந்த பிறகும் கூடவே இருக்கிற மனிதர்களுக்கும் பங்கு உண்டு. காசு கொடுத்து நுழைகிற அறையில் அது கிடைக்காது.

வேபர்ன் கட்டிடம் 2009இல் இடிக்கப்பட்டது. புதிய அறைகளை வரையும்போது நோயாளியும் பூர்வகுடியும் மேசையில் உட்காராவிட்டால், இடிந்தது சுவர் மட்டும்தான் என்று ஆகிவிடும்.