விமான டிக்கெட்டில் சிக்கலா? பயணிகள் அறிந்திருக்க வேண்டியவை

திருச்சிக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு போய்வரப் பல மாதங்கள் பணம் சேர்ப்பவர்கள் நம்மிடையே பலர். உறவினர் திருமணம், குலதெய்வ வழிபாடு, இறுதிச் சடங்கு எனக் காரணம் எதுவானாலும், டிக்கெட்டில் உள்ள ஒரு சிறு பிழை விமான நிலைய முகப்பிலேயே பயணத்தை நிறுத்திவிடலாம்.

பெயரில் கவனம்

கடப்பிதழ், விசா, டிக்கெட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். மலேசியக் கடப்பிதழில் முழுப் பெயரும் ஒரே பகுதியில் இருக்கும். முன்பதிவிலோ முதல் பெயர், குடும்பப் பெயர் எனத் தனித்தனியே கேட்பார்கள். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இடையில் வரும் சாய்கோட்டைப் பெரும்பாலான முன்பதிவு முறைகள் ஏற்பதில்லை. அதை எப்படி எழுதுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எழுத்துப்பிழையைக் கண்டவுடன் திருத்தக் கேட்க வேண்டும். டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றப் பொதுவாக அனுமதி இல்லை.

முகவரிடம் வாங்கினால்

முகவர் தரும் முன்பதிவுக் குறியீட்டை விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் இட்டுப் பார்க்கலாம். டிக்கெட் உண்மையாகவே எடுக்கப்பட்டதா என்பது அங்கே தெரிந்துவிடும். முகவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ளதா என்பதையும் பார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த இழப்பு பெரும்பாலும் பயணியின் தலையிலேயே விழும்.

தாமதமானால், ரத்தானால்

மலேசிய விமானப் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 பயணிகளுக்குச் சில உரிமைகளைத் தருகிறது.

* 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் உணவு, தொலைபேசி, இணைய வசதி தரப்பட வேண்டும்.

* 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகி இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும்.

* 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

* விமானம் ரத்தானால் மாற்று விமானமா, பணமா என்று பயணியே தேர்ந்தெடுக்கலாம். பணத்தை, கட்டிய அதே வழியில் 30 நாள்களுக்குள் தர வேண்டும்.

புகார் செய்யும் வழி

முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்துவழி புகார் செய்ய வேண்டும். 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தை நாடலாம். முன்பு இப்பணியைச் செய்த மாவ்கோம், 2025 ஆகஸ்டு 1 முதல் இவ்வாணையத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

முகவரால் ஏமாற்றப்பட்டவர்கள், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம்.

எங்கே போனாலும் ஆதாரம்தான் பேசும். டிக்கெட், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தாமத அறிவிப்பின் படம் ஆகியவற்றை, பணம் கைக்கு வரும்வரை கைப்பேசியிலிருந்து அழிக்கக்கூடாது.