கிரீஸ் கொன்ற கார்

இங்கிலாந்தில் ஒரு கார் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்காமல் போச்சு. அதனால்தான் இன்னிக்கு ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தில், புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு விவசாயி ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்ட முடிகிறது. கதை விடறேன்னு நினைக்காதீங்க.

கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் கம்பெனிக்கு ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம் பாடி செய்து கொடுத்து வந்தது. 1953-ல் அதை பி.எம்.சி. வாங்கிவிட்டது. போட்டிக்காரன் கையில் போன பிறகு புதுக் காருக்கு அங்கே பாடி கிடைக்காது. சேஸி இல்லாமல் பாடியையே எலும்பாக வைத்துக் கார் செய்யும் முறைக்கு மற்றவர்கள் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்களோ பழையபடி தனிச் சேஸி போட்டார்கள். பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, போல்ட் போட்டு மாட்டினார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தது.

துண்டு துண்டாகக் கழலும் கார் என்றால் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றலாம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி இருந்தது. ஆரம்பித்தது 1948-ல். முதலில் வேன்கார்டு, அப்புறம் சின்ன கார்கள் என்று செய்து கொண்டிருந்தவர்கள், 1961-ல் ஹெரால்டைக் கையில் எடுத்தார்கள். இங்கே மட்டும் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய், ஹெரால்டு நம்ம மெட்ராஸ். அந்தக் காலத்துக் கார் அரசியல் இவ்வளவுதான்.

இப்போ முன்பக்கத்துக்கு வருவோம். ஹெரால்டின் பானெட்டை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் கவிழ்த்துவிடலாம். என்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் திறந்து கிடக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குழி வேண்டாம், லிஃப்ட் வேண்டாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஷாக் அப்சார்பரைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங். இரண்டு கைகளையும் இணைத்து, சக்கரத்தைத் தாங்கி நிற்கிறது ஒரு இரும்புத் தூண். தூணின் மேல்முனையில் பால் ஜாயின்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூண் அந்த மரைக்குள்ளேயே கொஞ்சம் ஏறி இறங்கும். வண்டியின் முன்பாரம் பூரா அங்கேதான்.

ஆல்ஃபோர்ட் அண்ட் ஆல்டர் என்ற கம்பெனியின் வேலை இது. மட்டமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. லோட்டஸ் செவன், எலான் போன்ற பந்தய ஜாதிக் கார்களும் இதே தூணை வாங்கித்தான் மாட்டிக்கொண்டன. 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்டு திரும்பிவிடும் என்றால் அதற்கும் இந்த அமைப்புதான் முக்கியக் காரணம். எங்க களத்து மேட்டிலேயே ரிவர்ஸ் போடாமல் திருப்பலாம்.

ஆனால் அந்த மரைக்கு வேண்டியது எண்ணெய். கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கம்பெனிப் புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தது. கிரீஸ் நாளாக நாளாகக் காய்ந்து கட்டியாகி மேலேயே நின்றுவிடும், அடியில் இருக்கும் மரைக்குப் போய்ச் சேராது. அங்கே தண்ணி இறங்கும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, இரும்புதான் துருப்பிடிக்கும். மரையின் பள்ளத்தில் துரு அரித்த இடத்தில் விரிசல் விடும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தூண் பட்டென்று ஒடிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும்.

நம்ம ஊர் மெக்கானிக்கைக் குறை சொல்லி என்ன பண்ண? அம்பாசடருக்கு கிரீஸ், ஃபியட் கிங்பின்னுக்கு கிரீஸ். கையில் இருந்ததும் கிரீஸ் கன். ஹெரால்டு வந்தாலும் அதே கன். இதில் எனக்குத் தாங்காத ஒன்று இருக்கிறது. எங்க தாத்தா காலத்து மாட்டு வண்டிக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போடுவாங்க. கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்து, பழைய மையை வழித்து எடுத்த பிறகுதான் புது மை. பழசு மேலே புதுசு அப்பினால் பெரியவர் திட்டுவார். அந்தப் பழக்கத்தை யாராவது ஹெரால்டுக்குக் கொண்டு வந்திருந்தால் பாதி வண்டிகள் பிழைத்திருக்கும்.

எங்க சித்தப்பா விட்டுப்போன 1967 ஹெரால்டைப் பிரித்தபோது, இடது ட்ரன்னியனுக்குள் கிரீஸ் சோப்புக்கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. தூணை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆச்சு. இடது பக்க மரை இடஞ்சுழி, வலது பக்கம் வலஞ்சுழி. இது தெரியாமல் பலம் காட்டினால் அவ்வளவுதான். தூணின் மரையில் கறையான் அரித்த மாதிரிக் குழிகள்.

அந்தக் குழிகளுக்கு கிரீஸ் மட்டும் காரணமில்லை, எங்க தண்ணியும்தான். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுவாங்க. தோல் ஷாப்பில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவித் தள்ளுவது. அழுக்கைச் சுத்திகரிக்கலாம், கரைந்த உப்பைப் பிரிப்பது ரொம்பச் செலவு. வருஷக்கணக்காக அது பாலாற்றங்கரை நிலத்தடியில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு கட்டணும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு அது, சட்டக் கல்லூரியில் பாடமாகவே படிக்கிறார்கள். சித்தப்பா வாராவாரம் காரைக் கழுவியது இந்த போர் தண்ணியில்.

பழுதுபார்க்கக் கை கொடுத்ததும் அதே தோல் தொழில்தான். தோலை உருட்டும் பெரிய மர டிரம்முக்கு கன்மெட்டல் புஷ் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறைகள் எங்க பக்கம் உண்டு. கீழ்க்கையும் ட்ரன்னியனும் சேரும் இடத்துக்கு நைலான் புஷ்களை அப்படி ஒரு பட்டறையில்தான் கடைந்து வாங்கினேன். தூணைக் கடையச் சொல்லவில்லை. அது உயிர் நிற்கிற பாகம். அதற்கும் ட்ரன்னியனுக்கும் புதுசே வரவழைத்தேன். இதே ஜாதித் தூணில் ஓடும் ஸ்பிட்ஃபயர் காருக்கு இங்கிலாந்தில் இன்னும் பைத்தியங்கள் இருக்கிறார்கள், அவங்க புண்ணியத்தில் பாகம் கிடைக்கிறது. மாட்டும்போது தூணை அடி வரை திருகி, ஸ்டியரிங் இரு பக்கமும் முழுசாகத் திரும்பும் அளவுக்கு, ஒரு சுற்றுக்கு மிகாமல் பின்வாங்கணும். காயில் ஸ்பிரிங்கை மட்டும் சரியான கம்ப்ரஸர் இல்லாமல் தொடாதீங்க. தெறித்தால் ஆள் காலி.

வண்டலூரில் 1971-ல் ஹெரால்டு நின்றது. பின் அச்சை மாற்றி, 1972 முதல் 1977 வரை கெஸல் என்று விற்றார்கள். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்து, 1988-ல் கம்பெனியே மூடிவிட்டது.

இப்போ சில மாசத்துக்கு ஒரு தடவை, ட்ரன்னியனில் 90 கியர் ஆயிலை வழியும் வரை ஏற்றுகிறேன். கொட்டகை ஓட்டிலிருந்து விழும் மழைத்தண்ணியை இரண்டு பேரலில் பிடித்து வைத்து, அதில்தான் காரைக் கழுவுகிறேன். தென்னைக்கு இன்னமும் அந்த போர் தண்ணிதான்.