நெல்லை ஏன் அவிக்கிறோம்?

போன தை அறுவடை முடிந்து நெல் அவித்துக்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகள் கல்லூரியில் படிக்கிற பெண். அண்டாவிலிருந்து எழும்பும் ஆவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, பச்சையாவே அரைச்சா இந்த வேலையெல்லாம் மிச்சம்தானே? எதுக்கு இவ்வளவு விறகு, இத்தனை நாள் பாடு?" என்று கேட்டது.

"அவிச்சா அரிசி நொறுங்காதும்மா. பூச்சி சீக்கிரம் அண்டாது. சோறும் நிறைய காணும்" என்று எங்க அம்மா சொல்கிற பதிலையே சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அது பாதி பதில். மீதிப் பாதி கொஞ்சம் பெரிசு. அன்றைக்குச் சொல்ல நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நெல்லை ஒரு ராத்திரி ஊறப்போடணும். காலையில் அண்டாவில் ஏற்றி, ஆவி நன்றாக மேலே வரும்வரை அவிக்கணும். நெல் லேசாக வாய் பிளக்கிற பதத்தில் இறக்கி, களத்தில் பரப்பி, காலால் கிண்டிக் கிண்டிக் காயவிடணும். அதிகம் காய்ந்தால் குருணையாகப் போகும், காயாமல் போனால் அரிசி நசுங்கும். பதம் தெரிந்த பெண்கள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இதை யார் கண்டுபிடித்தது, எப்போது என்று யாருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நூறு, நூற்றிருபது வருஷம் பின்னால் போய், கடல் தாண்டி மலேயாவுக்கு வருவோம். எங்க பக்கத்து ஜனங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய காலம். தமிழர்கள் ரயில் பாதை போட்டார்கள், ரோடு போட்டார்கள், தோட்டங்களில் காபிக்கும் பிறகு ரப்பருக்கும் உழைத்தார்கள். பேராக், சிலாங்கூர் பக்கத்து ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகள் மண் வெட்டினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மழை, ஒரே கொசு, ஒரே மாதிரி கொட்டகை. இரண்டு பேருக்கும் சாப்பாடு என்றால் சோறுதான்.

ஆனால் சீனத் தொழிலாளிகள் மத்தியில் மட்டும் ஒரு நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சாய்த்தது. முதலில் பாதம் மரத்துப்போகும். கால் தள்ளாடும், பிறகு எழுந்து நிற்கவே முடியாது. சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு இழுக்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். பெயர் பெரிபெரி. 'முடியல, முடியல' என்று அர்த்தம் வரும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

ஏதோ கிருமி என்றார்கள் சில டாக்டர்கள். ஈர மண்ணிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று என்றார்கள் வேறு சிலர். அப்படியென்றால் பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் தமிழனை அது ஏன் தொடவில்லை? அவன் ரத்தம் வேறா?

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். சட்டியில் என்ன வேகிறது என்று பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சியாமிலிருந்து வந்த, மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் நோய் இல்லை. ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அரிசிதான் என்று 1907இல் புத்தகமே போட்டார். காரணத்தில் மட்டும் தவறினார். கிடப்பில் கிடக்கும் பச்சரிசியில் ஏதோ பூஞ்சை விஷம் சேர்கிறது என்று நம்பினார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் 1905 கடைசியில் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை ஆட்களுக்குச் சியாம் பச்சரிசி, இரட்டைப்படை ஆட்களுக்குப் புழுங்கலரிசி. ஒரு வருஷத்தில், பச்சரிசி தின்ற 120 பேரில் 30 பேருக்கு மேல் பெரிபெரி வந்தது, 18 பேர் செத்துப்போனார்கள். புழுங்கலரிசி தின்ற 123 பேரில் இரண்டே பேருக்குத்தான் நோய். அந்த இரண்டு பேரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

மருத்துவ வரலாற்றில் பெரிய சோதனை என்று இதைப் பாராட்டுகிறார்கள். பாராட்டலாம். ஆனால் எனக்கு அந்த 18 பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். வரிசையில் ஒரு இடம் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

கொஞ்ச நாளில் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் காட்டுக்குள் ரோடு போட்ட 300 ஜாவாக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளைப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் பச்சரிசிப் பக்கம் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றினார்கள், நின்றது. ஆள் அதே ஆள், காடு அதே காடு. 1910இல் மணிலாவில் கூடிய கீழைநாட்டு மருத்துவர்கள், தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்வதுதான் பெரிபெரிக்குக் காரணம் என்று அறிவித்தார்கள்.

அரிசிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் 1890களிலேயே கோழிகளை வைத்து இதைத் தொட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் இழுத்துக்கொண்டு விழுந்தன. தவிட்டோடு இருந்த அரிசி கொடுத்தால் எழுந்து நடந்தன. பின்னால் அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருள்தான் தயமின், அதாவது வைட்டமின் பி1. அதன் வேதியியல் அமைப்பை 1936இல் முழுசாகக் கண்டுபிடித்துச் செயற்கையாகவும் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? நெல்லூரில்! அப்போதைய மதராஸ் மாகாணம், அரிசிக்குப் பேர்போன ஊர்.

சோற்றிலுள்ள மாவுச்சத்தை உடம்பு எரித்து வலுவாக்க தயமின் வேண்டும். சோறு அதிகமாக அதிகமாக அதுவும் அதிகமாக வேண்டும். உடம்பில் சேர்த்துவைக்கிற இருப்போ சில வாரங்களுக்குத்தான் தாங்கும். நெல்லில் அது முளைக்கருவிலும் தவிட்டிலும்தான் நிறைய. பச்சை நெல்லை மில்லில் தீட்டினால் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். ஊறவைத்து அவித்தால் அது தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்பக்கம் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். அம்மா சொன்ன "நொறுங்காது, அண்டாது, காணும்" மூன்றுக்கும் பின்னால் யாரும் சொல்லாத நாலாவது காரணம் இதுதான்.

இப்போது மலேயாவை விட்டு நம்ம மாகாணத்துக்கே வருவோம். இதே நோய் இங்கேயும் இருந்தது. தமிழ் ஜில்லாக்களில் கிடையாது. வடக்கே, விசாகப்பட்டினம், கோதாவரி, கிருஷ்ணா என்று நீளும் ஆந்திரக் கடற்கரையில் இருந்தது. அங்கே பச்சரிசிதான் வழக்கம். குன்னூரில் உணவு ஆராய்ச்சிக் கூடம் நடத்திய மெக்கரிசனும் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே மாகாணம், ஒரே கடற்கரை. நெல்லை அவிப்பதா வேண்டாமா என்ற வழக்கம்தான் கோடு போட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும். தஞ்சாவூர்ப் பக்கம் அக்கிரகாரத்திலும் பச்சரிசிதானே சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஏன் வரவில்லை? அவர்கள் இலையில் பருப்பு இருந்தது, காய்கறி இருந்தது, பால் தயிர் இருந்தது. அரிசி கைவிட்டதை மற்றவை ஈடுகட்டின. சுரங்கத்துச் சீனனுக்கு அப்படியில்லை. வேலைக்கு வைத்தவன் படியளந்த அரிசியும் கொஞ்சம் உப்புக் கருவாடும்தான். எந்த அரிசி என்று கேட்கிற உரிமையும் அவனுக்குக் கிடையாது. ஆகவே பெரிபெரியை வெறும் வைட்டமின் நோய் என்று சொல்லிவிட முடியாது. உடம்புக்குத் தேவையான ஒரு பொருள், அதைக் காத்த அல்லது தொலைத்த ஒரு சமையல் பழக்கம், தட்டில் வேறு எதுவும் இல்லாத வறுமை, இந்த மூன்றும் ஒரே ஆளின் மேல் சேர்ந்து விழுந்தால்தான் ஆள் சாய்ந்தான். ஒன்று விலகினாலும் பிழைத்தான்.

இதைப் படித்துவிட்டு 'நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள்' என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். மலேயாவில் பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர்கள் புதிதாகக் காடு அழித்த தோட்டங்களில் மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொக்கிப்புழுவுக்கும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அங்கே புழுங்கலரிசி என்ன செய்யும்? மெக்கரிசன் குன்னூரில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி உண்ட சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் நன்றாக வளர்ந்தன. கடைசி வரிசையில் நின்றது சோற்றை மட்டும் நம்பிய மதராஸ் சாப்பாடு. புழுங்கல் ஒரு பள்ளத்தில் விழாமல் காத்தது, அவ்வளவுதான்.

மில்கள் வந்ததும் உரலும் உலக்கையும் ஓரம் கட்டப்பட்டன. குத்துக்கூலியில் பிழைத்த பெண்களுக்கு வேலை போனது, உடம்பு நோவும் போனது. இரண்டையும் சேர்த்தே சொல்லணும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934இல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது கைக்குத்தல் அரிசிக்காக ஓயாமல் பேசினார். ஊர் கேட்கவில்லை. வெள்ளைச் சோறு என்றால் கௌரவம். எங்க வீட்டிலேயே விருந்தாளி வந்தால் வெள்ளையான அரிசியைத்தான் உலையில் போடுவோம்.

இன்றைக்குப் பெரிபெரி நம் ஊர்களில் அரிது. பருப்பு, காய், முட்டை என்று தட்டில் வேறு சேர்மானங்கள் வந்துவிட்டன. ஆனால் கதை முடியவில்லை. ரேஷனில் இப்போது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி வருகிறது. ஒரு பக்கம் தீட்டி எடுக்கிறோம், மறுபக்கம் தொழிற்சாலையில் சேர்க்கிறோம். தவிடு என்னவோ இப்பவும் எங்க மாட்டுக்குத்தான். நகரத்தில் எல்லோருக்கும் பயம் சர்க்கரை. அதற்கும் அரிசி மட்டுமே காரணம் இல்லை. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, நடக்க இடமில்லாத தெரு, ராத்திரி பத்து மணிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான். அதிலும் ஒன்றை விலக்கினால் கொஞ்சம் பிழைக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அரிசி வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டுதான்: "வெள்ளையா இருக்குமா? விலை என்ன?" இனிமேல் மூன்றாவதாக ஒன்று கேளுங்கள். "எத்தனை தீட்டு தீட்டியிருக்கு?" ஒரு தீட்டு குறைத்து அரைத்துத் தர எந்த மில்லுக்காரருக்கும் கஷ்டமில்லை. கேட்கிறவர்கள்தான் இல்லை. வாங்கினால் பத்துத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மிச்சமிருக்கிற சத்தும் அதில்தான் கரைந்து போகிறது.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதிவை அனுப்பப் போகிறேன். அடுத்த அவியல் மாசிக் கடைசியில். வந்தால் கேள்வி மட்டும் போதாதும்மா, அடுப்புக்கு விறகு தள்ளவும் ஒரு ஆள் வேணும்.