லேடி மாக்பெத்தின் பிள்ளை எங்கே?

கொலை செய்யத் தயங்குகிறான் கணவன். மனைவிக்கோ எரிச்சல். பாலூட்டியவள் நான், அந்தப் பாசம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் என்று ஆரம்பிக்கிறாள். அடுத்து அவள் சொல்வதுதான் பயங்கரம். உன்னைப் போல நான் வாக்குக் கொடுத்திருந்தால், முகம் பார்த்துச் சிரிக்கும் அந்தப் பச்சைக் குழந்தையைக்கூட மண்டை சிதற அடித்திருப்பேன் என்கிறாள்!

ஷேக்ஸ்பியர் 1606 வாக்கில் எழுதிய 'மாக்பெத்' நாடகக் காட்சி இது. பேசுகிறவள் லேடி மாக்பெத். வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கும் மன்னர் டங்கனைத் தீர்த்துக்கட்டி, புருஷனைச் சிம்மாசனத்தில் உட்கார வைக்க வேண்டும் அவளுக்கு.

சரி, அவள் பாலூட்டிய குழந்தை எங்கே? நாடகம் பூராவும் தேடினாலும் கிடைக்காது. 'லேடி மாக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?' என்று தலைப்பு வைத்து, 1933-ல் எல்.சி. நைட்ஸ் என்கிற விமர்சகர் ஒரு கட்டுரையே எழுதினார். பதில் சொல்வதற்காக அல்ல. நாடகப் பாத்திரங்களை நிஜ மனிதர்களாக நினைத்து ஆராய்ச்சி பண்ணுகிறவர்களைக் கிண்டலடிக்க!

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. ஒரு பிள்ளை. பெயர் லூலாக்.

நிஜ லேடி மாக்பெத்தின் பெயர் க்ருவோக். ஸ்காட்லாந்து ராஜ வம்சத்துப் பெண். வடக்கே மோரே பிரதேசத்தை ஆண்ட கில்லகோம்கன்தான் அவளுடைய முதல் கணவன். 1032-ல் அவனையும் அவனோடு இருந்த ஐம்பது பேரையும் யாரோ தீ வைத்துக் கொளுத்தினார்கள். மாக்பெத் வேலைதான் என்று சந்தேகப்படும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. அந்த மாக்பெத்தையே க்ருவோக் மறுமணம் செய்துகொண்டாள். கூடவே வந்தவன், தகப்பனை இழந்த லூலாக்.

நிஜ மாக்பெத் டங்கனைப் படுக்கையில் குத்தவில்லை. 1040-ல் நடந்த சண்டையில்தான் டங்கன் செத்தான். அப்புறம் பதினேழு வருஷம் மாக்பெத் ஆட்சி. ராஜாவும் ராணியும் லாக் லெவன் துறவிகளுக்கு நிலம் எழுதி வைத்த பத்திரத்தில் க்ருவோக் பெயரும் இருக்கிறது. 1057-ல் டங்கனின் மகன் மால்கம், மாக்பெத்தைக் கொன்றான். அப்போது பட்டத்துக்கு வந்தது யார் தெரியுமா? க்ருவோக்கின் பிள்ளை லூலாக்! சில மாதங்கள்தான். 1058 மார்ச்சில் அவனையும் மால்கம் முடித்துவிட்டான்.

இத்தனை பெரிய பிள்ளையை நாடகத்தில் ஏன் காணோம்? 1603-ல் இங்கிலாந்து சிம்மாசனம் ஏறிய ஜேம்ஸ்தான் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் புரவலர். பாங்க்வோவின் சந்ததி என்று சொல்லிக்கொண்ட ஸ்காட்லாந்து வம்சம் அவருடையது. (அந்த பாங்க்வோவே பிற்காலக் கற்பனை என்பது தனிக் கதை!) நாடகத்தில் சூனியக்காரிகள், பாங்க்வோவின் பிள்ளைகள் ராஜா ஆவார்கள் என்கிறார்கள். அப்படியானால் மாக்பெத்துக்கு வாரிசே இருக்கக் கூடாதே! தன் கிரீடம் தன்னோடு போய்விடும் என்கிற ஆத்திரத்தில்தான் அவன் அடுத்தவர் பிள்ளைகள்மீது பாய்கிறான். பாங்க்வோவின் மகன் தப்பிவிடுகிறான். மாக்டஃபின் சின்னப் பையனோ, அம்மாவின் கண்ணெதிரே குத்திக் கொல்லப்படுகிறான். பிறகு அவளும். கடைசியில் மாக்பெத்தை வீழ்த்துகிற மாக்டஃப், தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். அந்தக் காலத்தில் அப்படிப் பெற்றவள் பிழைப்பது ஏது? திரை விழும்போது, நாம் மேடையில் பார்த்த தாய் ஒருத்திகூட உயிரோடு இல்லை.

நாடகம் என்ற வகையில் அபாரம், சந்தேகமில்லை. ஆனால் நஷ்டம் க்ருவோக்குக்கு. லூலாக்குக்குப் பின்னால் அவன் மகன், அதாவது க்ருவோக்கின் பேரன், மோரேயை ஆண்டு 1085-ல் இறந்தான். லூலாக்குக்கு மட்டும் பிற்கால ஏடுகள் 'முட்டாள்' என்று பட்டப்பெயர் ஒட்டிவிட்டன. பட்டப்பெயர் வைக்கிற உரிமை ஜெயித்தவர்களுக்குத்தானே!

இன்றைக்கு லேடி மாக்பெத் என்றால், பெற்ற குழந்தையைக் கொல்லவும் கூசாதவள் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். புருஷன் நெருப்பில் போன பிறகு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தேகத்துக்குரிய ஒருவன் வீட்டுக்கு வாழப்போன விதவையை யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை அங்கேயே வளர்ந்து ராஜாவும் ஆனான்.