கடலைக் கேட்ட ஹெட்போன்கள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, பத்தாயிரம் ரூபாய்க்குள்ள, உள்ளது உள்ளபடி சவுண்ட் வாற இயர்போன் எது? அதோட சின்ன ஆம்ப் ஒண்டும் வாங்கோணுமா?"

அவன் குறும்படங்களுக்கு ஒலி சேர்க்கிறவன். உட்துறைமுகப் பக்கம் எடுத்த ஒரு காட்சிக்குப் படகு எஞ்சின் சத்தத்தையும் காற்றையும் தானே பதிவு செய்து சேர்த்திருந்தான். தன் இயர்போனில் கேட்டபோது எல்லாம் சரியாக இருந்ததாம். மண்டபத்தில் திரையிட்டபோது வசனம் எஞ்சின் இரைச்சலுக்குள் புதைந்துபோனது. பிழை அவனுடைய காதில் இல்லை. அந்த இயர்போன் மனிதக் குரல் வருகிற பகுதியை மட்டும் தூக்கிக் காட்டியது. அதை நம்பி அவன் வசனத்தைக் குறைத்து வைத்துவிட்டான்.

பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க விளங்கியது, இந்தக் கேள்வி திருகோணமலைக்குப் புதிது இல்லை. பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்குகிற காலத்துக்கு முன்னமே இந்தத் துறைமுகத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பிழையாகக் கேட்டால் கப்பல் போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

சமையலறையில் பிறந்த கருவி

1910ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் போல்ட்வின் என்ற மனிதர் தான் செய்த ஒரு சோடி ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை சோதித்துப் பார்த்தது. தங்களிடம் இருந்தவற்றைவிட இது எவ்வளவோ மேல் என்று தெரிந்தது. கூடுதலாகக் கேட்டார்கள். அவரோ வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு தடவைக்குப் பத்துத்தான் செய்ய முடியும் என்று சொன்னார்.

அந்த நேரத்தில் வானொலிச் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப் நடைமுறைக்கு வரவில்லை. அன்டெனாவில் வந்து விழுகிற மிகச் சிறிய மின்சாரமே நேராகக் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டை ஆட்ட வேண்டும். ஹெட்போன் மந்தமாக இருந்தால் செய்தி இல்லை. போல்ட்வின் செய்தது இதுதான்: ஒரு சின்ன இரும்பு நாக்கைக் காந்த முனைகளுக்கு நடுவே சமநிலையில் நிறுத்தினார். எந்தப் பக்கமும் இழுபடாமல் நிற்பதால் சிறு மின்னோட்டம் வந்தாலே அது அசையும். அந்த அசைவு ஒரு மெல்லிய கம்பி வழியாக மைக்கா தகட்டுக்குப் போகும். இந்த அமைப்புக்குப் பெயர் பேலன்ஸ்ட் ஆர்மச்சர். இன்று விலை கூடிய இயர்போன் பெட்டிகளில் இதே பெயரைப் பார்க்கலாம். நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை, அளவுதான் அரிசி மணிக்குக் கிட்ட வந்துவிட்டது.

திருகோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேடும் அஸ்டிக் கருவி பூட்டிய கப்பல்கள் இங்கே வந்து போயின. அந்தக் கருவி தண்ணீருக்குள் ஒரு ஒலித்துடிப்பை அனுப்பும், எதிலாவது பட்டால் எதிரொலி திரும்பி வரும். அதைக் கேட்கிறவர் எதிரொலியின் சுருதியைக் கவனிப்பார். சுருதி கொஞ்சம் ஏறியிருந்தால் அந்தப் பொருள் நெருங்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகிப் போகிறது. பாறைக்கும் நீர்மூழ்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதுதான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துக் கடற்படை ஹெட்போன்களில் பாட்டுக் கேட்டால் தகரப் பேணிக்குள் இருந்து யாரோ பாடுவது போலத்தான் இருக்கும். அவை மோர்ஸ் ஒலி வரும் நடுப்பகுதிக்கு மட்டுமே கூர்மையாகச் செய்யப்பட்டவை. இருந்தும் அந்த வேலைக்கு அவை துல்லியமானவை. எதைக் கேட்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் துல்லியம் என்பதன் பொருள் முடிவாகிறது. இந்த இடத்தை மறந்தால் பிறகு கடைக்காரர் சொல்வதெல்லாம் துல்லியமாகிவிடும்.

சிற்றலையின் குரல்

போருக்குப் பிறகு எங்கட ஆட்களின் காது ரேடியோவோடு வளர்ந்தது. 1980களில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி தன் நிகழ்ச்சிகளை ஆசியாவுக்கு அனுப்பத் திருகோணமலையில் ஒரு அஞ்சல் நிலையத்தை நிறுவியது. பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது.

சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வெட்டுப்பட்டுத்தான் வரும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. ஆக, தாளத்தின் சிலுசிலுப்போ புல்லாங்குழலின் மூச்சோ அதில் வராது. ஆனால் செய்தி விளங்கும். போர்க்காலத்தில் வடக்கே பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒலியின் அழகு அல்ல, சொன்ன ஊரின் பெயர் பிழையில்லாமல் காதில் விழுவது.

துலிப் என்ற படகு

1979இல் சர்வதேசத் திமிங்கல ஆணைக்குழு இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலங்களின் சரணாலயமாக அறிவித்தது. 1982க்கும் 1984க்கும் இடையில் துலிப் என்ற சின்னப் பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் இலங்கைக் கடலுக்கு வந்தார்கள். திமிங்கலத்தைக் கொல்லாமல் ஆராயலாம் என்று காட்டுவது நோக்கம். திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடல் அவர்களுக்கு முக்கியமான இடமானது. இங்கே கரைக்குக் கிட்டவே கடலடி சட்டென்று பள்ளமாகிறது. துறைமுகத்தின் வாசலிலேயே ஆழமான கடற்பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. ஆழத்தில் இரை தேடும் விந்துத் திமிங்கலம் கரையிலிருந்து அதிக தூரம் போகத் தேவையில்லை.

அவர்களின் முக்கிய கருவி தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி. அதன் மறுமுனையில் ஒரு பெருக்கி, அதன் பிறகு ஹெட்போன். விந்துத் திமிங்கலம் முங்கியிருக்கும் நேரத்தில் 'டக், டக், டக்' என்று விட்டுவிட்டுச் சொடுக்கும். சில கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் அது கேட்கும். சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் படகைத் திருப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாத விலங்கைக் காதால் பின்தொடர்வது இப்படித்தான்.

1984இல் அபிகேல் ஆலிங் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கலத்தின் பாட்டைப் பதிவு செய்தார். உலகின் மற்றக் கடல்களில் வாழும் நீலத் திமிங்கலங்கள் பாடுவதில் இருந்து அது வேறுபட்டது. இன்று அறிவியல் கட்டுரைகளில் அந்தப் பாட்டு இலங்கை வகை என்றே குறிப்பிடப்படுகிறது. பிறகு தியெகோ கார்சியாத் தீவுக்கு அருகே, அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்கக் கடலுக்குள் வைத்த ஒலிவாங்கிகளிலும் இதே பாட்டு விழுந்தது. அந்தப் பதிவுகளை அளந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பாட்டின் கடைசி நீண்ட சுரம் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருப்பது, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பத்தாண்டில் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் குறைந்திருந்தது.

எங்கட கடலின் பாட்டு இது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த நானே அதை முதன்முதலில் இந்தக் கட்டுரைக்காகத்தான் கேட்டேன். துலிப் போன பிறகு போர் இறுகியது. மீனவருக்கே கடல் நேரம் பார்த்துத் திறக்கிற கதவாகிவிட்டது. கடற்படைகள் இந்தக் கடலைக் கேட்டன, வெளிநாட்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். கரையில் இருந்த எங்களுக்கு அதற்கான கருவியும் இல்லை, அனுமதியும் இல்லை.

காதுக்குள் போன கதை

காதுக்குள் செருகும் இயர்போனும் பழைய யோசனைதான். பிரெஞ்சுப் பொறியியலாளர் எர்னஸ்ட் மெர்க்காடியே 1891இலேயே தொலைபேசி வேலைக்காக ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். காதை உறுத்தாமல் இருக்க ரப்பர் உறையும் போட்டிருந்தார். பிறகு காது கேளாதோருக்கான கருவிகள் வந்தன. அவற்றுக்காகத்தான் பேலன்ஸ்ட் ஆர்மச்சர் சிறிதாகிச் சிறிதாகிக் காதுத் துளைக்குள் அடங்கியது.

1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்து, பாட்டைத் தெருவுக்குக் கொண்டுபோனது. ஆனால் அதோடு வந்த மெல்லிய ஹெட்போன் வெளிச்சத்தத்தை மறைக்காது. துல்லியம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. செவிப் பரிசோதனைக்கான இயர்போன்களைச் செய்த மீட் கில்லியன் என்ற அமெரிக்கரின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991இல் இஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. திறந்த காதில், செவிப்பறையில் என்ன ஒலி விழுமோ அதையே விழச் செய்வதுதான் அதன் இலக்கு. எங்கள் காதுத்துளை ஒரு குழாய் மாதிரி, 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலியைத் தானே தூக்கிக் கொடுக்கும். இயர்போனால் துளையை அடைத்துவிட்டால் அந்த இயல்பு கெடும். ஆகவே அந்தத் தூக்கலை இயர்போனே சேர்த்துத் தர வேண்டும். நல்ல இயர்போனின் வரைபடத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருப்பது பிழை அல்ல. கோடு நேராக இருந்தால்தான் பிழை.

ஆம்பின் கதையும் இங்கேதான் சேருகிறது. இஆர்-4இன் முதல் வடிவத்தைச் சத்தமாக ஓட்ட அந்தக் காலத்துச் சிறிய பிளேயர்களுக்குச் சக்தி போதவில்லை. அதனால் அந்த நிறுவனமே குறைந்த சக்தியில் ஓடும் இன்னொரு வடிவத்தைப் பிறகு கொண்டு வந்தது. சக்தி போதாத இடத்தைக் கையடக்க ஆம்ப் நிரப்பியது. 1990களின் முற்பகுதியில் ஹெட்ரூம் என்ற நிறுவனம் அவற்றை விற்றது. பிறகு சூ மோய் என்பவர் ஒரு எளிய சுற்றுப்படத்தை எல்லோருக்கும் கொடுத்தார். உலகம் முழுக்கப் பொடியன்கள் புதினா மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் ஆம்ப் செய்தார்கள். 2011இல் பெயர் வெளியிடாத ஒரு பொறியியலாளர் ஓ2 என்ற ஆம்பின் வடிவமைப்பை அளவீடுகளோடு இலவசமாக வெளியிட்டார். குறைந்த செலவில், அளந்து பார்த்தால் பிழை சொல்ல முடியாத ஆம்ப் செய்யலாம் என்று காட்டிவிட்டு ஆள் காணாமல் போனார்.

தம்பிக்கு என்ன சொன்னேன்

முதலில், காதை அடைக்கும் ரப்பர் முனையைப் பாருங்க. காற்று ஒழுகினால் பேஸ் போய்விடும், எவ்வளவு விலையான இயர்போன் என்றாலும். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்க. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை.

இரண்டாவது, வரைபடம் பார்க்கத் தெரிந்தால் நல்லது. 2010களில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவின் குழு ஏராளமானோரைக் கேட்கவைத்து ஆய்வு செய்தது. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சமநிலையையே பெரும்பாலானோர் விரும்பினார்கள். அந்த இலக்கை ஒட்டிய இயர்போன்கள் இன்று பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. உள்ளே எத்தனை டிரைவர் என்ற எண்ணிக்கையில் மயங்காதீங்க. இஆர்-4இல் காதுக்கு ஒன்றுதான்.

மூன்றாவது ஆம்ப். பெரும்பாலான இயர்போன்களுக்குப் போனே போதும். ஹெட்போன் துளை இல்லாத போன் என்றால் நல்ல டைப்-சி டொங்கிள் ஒன்று காணும். முழுதாகத் திருப்பியும் சத்தம் போதாவிட்டால், அல்லது பின்னால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தால் மட்டும் ஆம்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒரு கணக்கு: இயர்போனின் ஓம் அளவு, ஆம்பின் வெளியீட்டு ஓமைப் போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பேலன்ஸ்ட் ஆர்மச்சர் இயர்போனின் சமநிலையையே ஆம்ப் மாற்றிவிடும்.

நாலாவது, சத்தத்தைக் குறைங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெல். 90 டெசிபெல் என்றால் 4 மணித்தியாலம்தான். கொழும்பு பஸ்ஸில் எஞ்சின் சத்தத்தை மேவப் பாட்டைக் கூட்டுகிறோமே, அங்கேதான் காது போகிறது. நன்றாக அடைக்கும் இயர்போன் இருந்தால் கூட்டத் தேவையில்லை. ஷெல் சத்தத்தில் ஒரு காதை இழந்த பெரியவர்கள் எங்கட தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு.

கடைசியாக, நேரில் கேட்ட ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்க. கோணேசர் கோயிலில் பக்கத்தில் நின்று கேட்ட தவிலும் நாதஸ்வரமும், சுவாமி மலையடியில் மோதும் அலையும் போதும். அதை நேரில் கேட்டவன்தான் பதிவு சரியா பிழையா என்று சொல்ல முடியும்.

அவன் ஒன்று வாங்கினான், ஆம்ப் வாங்கவில்லை. நான் இலங்கை வகை நீலத் திமிங்கலத்தின் பதிவை அவனுக்கு அனுப்பினேன். போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஒண்டும் கேக்கேல்லயே அண்ணா" என்றான். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. இயர்போனைச் சரியாக அடைத்துக் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இது எந்தக் கடல்?"

"உப்புவெளியில நிண்டு பாக்கிறியே, அதுதான்."

அடுத்த குறும்படத்துக்கு அவன் இப்போது தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி செய்யப் பழகிக்கொண்டிருக்கிறான்.