ஆனைக்காவின் சிலந்தி: வலையும் வரலாறும்

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின்மேல் சருகு உதிராதவாறு வலை பின்னிய சிலந்தியொன்று மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது சைவ மரபு நன்கறிந்த செய்தி. வரலாற்றாசிரியர் இதனைப் புராணக் கற்பனை எனத் தள்ளி, அரசனின் காலத்தையும் போரையும் மட்டும் ஆராய்வர். சமய நூலார் அன்பின் பெருமைக்குச் சான்றாகக் கொண்டு மேற்செல்வர். இரு சாராரும் வலையை நின்று நோக்கியதாகத் தெரியவில்லை. ஆயினும் இக்கதை எவ்வாறு உருப்பெற்றது என்னும் வினாவிற்குரிய விடையில் ஒரு பகுதி அவ்வலையிலேயே உள்ளது.

முதலில், சிலந்தி இல்லாத சான்றுகளைக் காண்போம். பொய்கையார் பாடிய களவழி நாற்பது, செங்கணான் என்னும் சோழன் சேரனை வென்ற போர்க்களத்தைப் பாடுகிறது. அச்சேரன் கணைக்கால் இரும்பொறை என்பது மரபு. புறநானூற்றின் 74ஆம் பாட்டும் அவன் சிறைப்பட்ட நிகழ்ச்சியோடு தொடர்புடையது. களவழியைப் படிப்போர் எவரும் அதில் யானைகள் மலிந்திருப்பதைக் காணாதிருக்க இயலாது. வீழ்ந்த யானை, துணிபட்ட துதிக்கை, குருதியில் மிதக்கும் உடல் என்று பாட்டுக்குப் பாட்டு யானையின் அழிவே காட்சியாகிறது. திருமங்கையாழ்வார் திருநறையூர்ப் பதிகத்தில் இவ்வரசனின் போர் வெற்றிகளையும், அவன் ஈசனுக்கு எழுபது மாடங்கள் எடுத்ததையும் குறிப்பிடுகிறார். அங்கும் சிலந்தி இல்லை. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் செங்கணாரைப் போற்றும் தொடரிலும் இல்லை. ஆகவே செங்கண், யானைக்கொலை, மாடக்கோயில் ஆகிய மூன்றும் சிலந்தியின் துணையின்றியே இவ்வரசன் பெயரோடு வழங்கியவை எனலாம்.

சிலந்தியைக் காட்டும் பழைய சான்றுகளுள் அப்பர் தேவாரம் முதன்மையானது. ஏழாம் நூற்றாண்டினரான அவர் திருக்குறுக்கைப் பதிகத்தில், ஆனைக்காவில் சிலந்தி பந்தர் செய்து இறந்து செங்கணானாகப் பிறந்ததைச் சுருங்கக் கூறுகிறார். சுந்தரர் திருவாவடுதுறைப் பதிகத்தில் வாயினின்று வரும் நூலால் சிலந்தி பந்தர் இயற்றியதையும் அது சோழனாக்கப்பட்டதையும் பாடுகிறார். இருவரும் கையாளும் சொல் 'பந்தர்' என்பது நோக்கத்தக்கது. வலை என்றால் இரை பிடிக்கும் கருவி. பந்தர் என்றால் நிழலும் காப்பும் தருவது. இச்சொல் மாற்றத்திலேயே கதையின் கரு அடங்கியுள்ளது.

பந்தர் என்பது வெறும் உருவகமா என்பதும் கேட்கத்தக்கதே. தோட்டங்களில் நாம் மிகுதியாகக் காணும் சக்கர வலைச் சிலந்திகள், வலையின் நடுவே வளைவு நெளிவான வெண்கோடு இடும் இனம் உட்படப் பெரும்பாலும் செங்குத்தாகவே வலை கட்டும். அவ்வலை சருகைத் தாங்கும் கூரையாகாது. ஆனால் கூடார வலைச் சிலந்தி எனத்தக்க வேறோர் இனம் நம் நாட்டுச் செடிகொடிகளில் பரவலாக உண்டு. அது நெருங்கிய கண்களையுடைய வலையைக் கிடையாக விரித்து, நடுப்பகுதி குவிமாடம்போல் உயர்ந்து நிற்கும்படி அமைக்கும். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இழைகளை இழுத்துக் கட்டும். அவ்விழைகளில் உதிர்ந்த இலைகள் தங்கித் தொங்குவதை எந்தத் தோட்டத்திலும் காணலாம். 'கா' என்னும் சொல்லுக்குச் சோலை என்பது பொருள். சோலையில் இருந்த இலிங்கத்தைப் பற்றிய கதைக்கு, இலையைத் தாங்கிய வலையைக் கண்ட கண் ஒன்று தேவைப்பட்டிருக்கும் என்று கருதுவது மிகையாகாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனை முழுக் கதையாக்கினார். சிலந்தி அமைத்ததை அவர் 'மேற்கட்டி' என்றும், பிறகு 'வலயம்' என்றும் குறிக்கிறார். முன்னது விதானம், பின்னது வட்டம். இரண்டும் வலையின் வடிவறிந்து இட்ட சொற்கள். வழிபட வந்த யானை அவ்வலையைத் தகாத பொருள் எனக் கருதிச் சிதைக்கிறது. சிலந்தியோ, துதிக்கை சுழன்றதால் தற்செயலாக அறுந்தது என்றெண்ணி மீண்டும் இழைக்கிறது. மறுநாளும் யானை அழிக்கவே, வேண்டுமென்று செய்ததெனக் கண்டு சினந்து துதிக்கையினுள் புகுந்து கடிக்கிறது. யானை துதிக்கையை நிலத்தில் மோதி விழுந்து இறக்க, சிலந்தியும் மடிகிறது. இங்கே தீயவர் எவரும் இல்லை. ஒரே பொருள் ஓர் அடியாருக்குத் தொண்டாகவும் மற்றோர் அடியாருக்கு ஒட்டடையாகவும் தோன்றுவதே பகையாகிறது. அப்பர் சில சொற்களில் சொல்லி முடித்ததைச் சேக்கிழார் நாடகமாக்கியது இவ்விடத்தில்தான். முதல்நாள் சிலந்தி யானையின்மேல் ஐயம் கொள்ளாமை அவருடைய நுண்ணிய படைப்பு.

அழிந்த வலையை மறுநாளே இழைப்பதும் இயற்கைக்கு மாறானதன்று. சக்கர வலைச் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்றுவிட்டு நாள்தோறும் புதிய வலை கட்டும். கூடார வலைச் சிலந்தி அவ்வாறு செய்வதில்லை. அதன் வலை நெடுநாள் நிற்கும். ஆகவே சேக்கிழாரின் சிலந்தியில் ஒன்றின் பந்தரும் மற்றொன்றின் விடாமுயற்சியும் இணைந்துள்ளன எனலாம். 'வாய்நூல்' என்ற வழக்கும் இத்தகையதே. நூல் உண்மையில் வயிற்றின் கடைப்பகுதியிலுள்ள நுண்குழல்களிலிருந்தே வெளிப்படுகிறது. பழைய வலையைச் சிலந்தி சுருட்டி உண்பதைக் கண்டவர்க்கு, நூல் வாயோடு தொடர்புடையதாகத் தோன்றியிருக்கலாம். வடமொழியில் சிலந்திக்கு வழங்கும் 'ஊர்ணநாபி' என்னும் பெயர் கொப்பூழைச் சுட்டுவதால் உடற்கூற்றுக்குச் சற்று நெருங்கியது. முண்டக உபநிடதம் சிலந்தி நூலை வெளிவிட்டு மீள உட்கொள்வதைப் படைப்பிற்கு உவமையாக்குகிறது. அதுவும் கண்டறிந்த செய்தியே. ஆனால் அங்கே சிலந்தி பரம்பொருளுக்கு உவமை. ஆனைக்காவில் அது தொண்டன்.

தமிழ் இலக்கணிகள் நூல் இயற்றும் புலவனுக்குச் சிலந்தியை உவமை கூறாமல் விட்டதையும் இங்கே இடையில் குறிப்பிடலாம். நன்னூல் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காண்கிறது. சிலந்திக்கு வெளியிலிருந்து பஞ்சு வேண்டியதில்லை. முன்னோர் நூலின் வழியே வழிநூல் செய்வதைப் போற்றிய மரபினர்க்கு, தன்னுள்ளிருந்தே அனைத்தையும் எடுக்கும் உயிர் உவமையாகப் பொருந்தாமற் போனது இயல்பே.

சேக்கிழார் கதையின் பிற்பகுதி அரசனின் பெயருக்கு விளக்கம் தருகிறது. சுபதேவனின் மனைவி கமலவதி, ஒரு நாழிகை கழித்துப் பிறக்கும் குழந்தை மூவுலகும் ஆளும் எனச் சோதிடர் கூறக் கேட்டு, தன் காலைப் பிணித்துத் தலைகீழாகத் தொங்கவிடச் செய்து பிறப்பைத் தாழ்த்துகிறாள். அதனால் குழந்தை சிவந்த கண்ணோடு பிறக்கிறது. பெயர் கதையினும் பழையது என்பதைக் களவழி காட்டும். அதுபோலவே யானைகளை வீழ்த்தியவன் என்ற பழம்புகழுக்கு, யானையைக் கொன்ற சிலந்தி முற்பிறப்பாயிற்று எனக் கொள்ள இடமுண்டு. அவன் எடுத்த உயர்ந்த மாடக்கோயில்கள் யானை ஏறாதிருக்கவே அமைந்தவை என்று பிற்கால வழக்கு கூறுவதும் இவ்வழியிலேயே செல்கிறது. அன்பில், திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இவ்வரசனைச் சோழர் முன்னோருள் வைத்துப் போற்றுவதால், அவன் வரலாறு அரச குலத்திற்கும் உரியதாயிற்று.

இக்கருத்தைச் சோதிக்கத் தெலுங்கு மரபு உதவும். திருக்காளத்தியின் பெயரிலேயே சிலந்தி, பாம்பு, யானை என்னும் மூன்றும் உள்ளன என்பர். பதினாறாம் நூற்றாண்டில் தூர்ஜடி தெலுங்கில் காளத்தி மான்மியம் பாடினார். காளத்தி மரபிலும் யானையின் துதிக்கையினுள் ஓர் உயிர் புகுகிறது; யானையும் அதுவும் மடிகின்றன. ஆனால் புகுவது பாம்பு. சிலந்திக்கு அங்கு யானையோடு பகையில்லை. அது நூலால் இறைவனுக்குக் கோயில் சமைக்கிறது. விளக்கின் சுடர் அதனை எரிக்க, அச்சுடரையே விழுங்கப் பாய்கிறது. அதன் முடிவு வீடுபேறு, அரசப் பிறப்பன்று. யானைகளை வென்ற செங்கட் சோழன் காளத்திக்குத் தேவைப்படவில்லை. எனவே அங்குள்ள சிலந்தி யானையைக் கொல்ல வேண்டிய கட்டாயமும் எழவில்லை.