டைட்டன்: அகச்சிவப்பு நிறமாலை ஆராய்ச்சி

சனிக்கிரகத்தின் உபக்கிரகங்களுள் மிகப் பெரியதாகிய டைட்டனை 1655-ஆம் ஆண்டில் ஹாய்கன்ஸ் கண்டறிந்தார் எனினும், 1944-ஆம் ஆண்டில் ஜெரார்டு கைப்பர், டெக்ஸாஸ் மாகாணத்து மெக்டொனால்டு வானாய்வு நிலையத்திலிருந்து எடுத்த நிறமாலையில் மீத்தேன் வாயுவுக்குரிய கரும்பட்டைகளைக் கண்ட பின்னரே, அதற்கு வாயுமண்டலம் உண்டு என்பது உறுதியாயிற்று.

ஒவ்வொரு வாயுவின் மூலக்கூறும் தன் அதிர்வுக்கு இசைந்த அலைநீளங்களில் மட்டுமே அகச்சிவப்புக் கதிர்களை ஏற்கவும் உமிழவும் செய்வதால், அவ்வலைநீளங்களின் வரிசையே அவ்வாயுவின் கையொப்பமாக அமைகிறது. 1980 நவம்பரில் டைட்டனைக் கடந்து சென்ற வாயேஜர் 1 விண்கலத்தின் அகச்சிவப்புக் கருவி, ஈத்தேன், அசெட்டிலீன், புரொப்பேன், ஹைட்ரஜன் சயனைடு முதலியவற்றை இவ்வாறே இனங்காட்டிற்று. ஆயினும், அம்மண்டலத்தில் ஏறத்தாழ 95 சதவீதமாகிய நைட்ரஜன், ஒரே தன்மையுடைய இரண்டு அணுக்களாலான சமச்சீர் மூலக்கூறாதலின் இம்முறைக்கு எளிதில் அகப்படுவதில்லை. புறஊதாக் கருவியும் வானொலி அலைகளுமே அதனை மெய்ப்பித்தன. முதன்மையான பொருளை விட்டுவிட்டு உதிரிகளைத் துல்லியமாகக் கணக்கெடுப்பது இம்முறையின் விசித்திரம் எனலாம்.

தரையை ஆராய்வது இதனினும் கடினம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை டைட்டனின் செம்மஞ்சள் நிறப் புகைமூட்டம் சிதறடித்துவிடுகிறது. அகச்சிவப்புக் கதிர்கள் அதனை ஓரளவு ஊடுருவினும், அவற்றுள் பெரும்பகுதியை மீத்தேன் விழுங்கிவிடுகிறது. அது விழுங்காது விடும் 0.94, 1.6, 2.0, 5 மைக்ரான் போன்ற சில குறுகிய இடைவெளிகளே தரையைக் காணும் சாளரங்கள். 1994-இல் ஹப்பிள் தொலைநோக்கி, அவற்றுள் முதற்சாளரத்தின் வழியே, பின்னர் சனாடு எனப் பெயர்பெற்ற ஒளிமிக்க பெருநிலப் பகுதியைப் படம் பிடித்தது. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தின் நிறமாலைப் படக்கருவியோ, 0.35 முதல் 5.1 மைக்ரான் வரையிலான ஒளியை 352 கூறுகளாகப் பகுத்து நோக்கிற்று. தென்துருவத்தை அடுத்த ஒன்டாரியோ ஏரியில் திரவ ஈத்தேன் உண்டென 2008-இல் வெளியான முடிவும், மறு ஆண்டில் வடதுருவ ஏரியொன்றின் மேல் 5 மைக்ரான் அலைநீளத்தில் கதிரவன் ஒளி பளிச்சிட்டதைக் கண்டதும் அக்கருவியின் பேறுகளாம். சுமார் −179 பாகை செல்சியஸ் குளிரில் நீர் கல்லென உறைய, ஹைட்ரோகார்பன்களே அங்குத் திரவமாய் நிற்கின்றன.

எனினும், சாளரங்கள் குறுகியவை. அவற்றூடே வரும் ஒளியிலும் புகைமூட்டத்தின் கலப்பு உண்டு. ஆதலால், நீர்ப்பனி எவ்விடங்களில் வெளிப்பட்டுள்ளது, கரிமப் படிவுகள் எவ்வளவு அதனை மூடியுள்ளன என்பன பற்றி ஆராய்ச்சியாளரிடையே இன்றும் கருத்து ஒருமைப்படவில்லை.